எட்டு சதவீத அவசரம்

காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுதான். பக்கவாட்டுத் திருகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து முன்பக்கமாக உருட்ட வேண்டும். முப்பது சுற்றுக்குமேல் விரலுக்கே ஓர் இறுக்கம் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். உள்ளே ஒரு பட்டைச் சுருள் இறுகிக்கொண்டு கிடக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிவதுதான் மறுநாள் காலைவரை முள்ளைத் தள்ளுகிறது. மறந்து போனால் வேலையிடத்தில் அக்கம்பக்கத்து ஆட்களிடம் மணி கேட்டு நிற்க வேண்டியதுதான்.

பிள்ளையைக் கிளப்பவில்லை, தண்ணீர் பிடிக்கவில்லை, அதற்குள் திருகாணியைத் திருக உட்கார்ந்தாயிற்றா என்று மனைவி தினமும் கேட்பாள். ஆசைக்காகக் கட்டிக்கொண்ட கடிகாரமல்ல அது. பெயின்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பெயின்ட்டை இளக்கும் தின்னரின் ஆவி எப்போதும் மிதக்கும் இடம்; ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். பேட்டரி போட்ட எதுவும் உள்ளே வரக் கூடாது. கைப்பேசி வாசல் பெட்டியில் தூங்கும். சுவர்க்கடிகாரம்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நடைக்கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. என் மேசையிலிருந்து பார்த்தால் தெரியாது.

சோதனை எளிதானது. இரும்புத் தகட்டில் பெயின்ட் பூசி நிறுத்திவைப்பேன். இருபத்தைந்தாவது நிமிடத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் புது இடமாக, விரல் நுனியால் தொடுவேன். விரலில் ஒட்டாத அந்த நொடிதான் உலர்ந்த நேரம். முப்பது நிமிடத்தைத் தாண்டினால் அந்தக் கலவை தள்ளுபடி. ஒரே மாதத்தில் மூன்று கலவை தள்ளுபடியானால், கலக்கியவரை இயந்திரத்திலிருந்து இறக்கி, பீப்பாய் உருட்டும் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கலக்கியவர் என் மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. ஆறு வருடம் மூட்டை தூக்கி, பிறகு அந்த இயந்திரத்தில் ஏறியவன்.

திங்கட்கிழமை அவனுடைய கலவை முப்பத்தொரு நிமிடம் எடுத்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போனால் என் கடிகாரம் முக்கால் மணி நேரம் முன்னால் ஓடியிருந்தது. ரிப்பேர் கடை பூட்டியிருந்தது, வியாழக்கிழமைதான் திறக்குமாம். சரி, மூன்று நாள்தானே, அவ்வப்போது திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மிகவும் கவனமாக இருந்தேன். தகட்டில் பூசுவதற்கு முன் நடைக்கூடத்துக்குப் போய், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, நொடி பிசகாமல் முள்ளைச் சரிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் முப்பத்தொன்று. மச்சினன் கண்ணாடிக்கு வெளியே நின்று, இன்னும் ஒன்று போனால் மூன்று என்பதுபோல் விரலால் மூன்று காட்டி, உதட்டைப் பிதுக்கினான். அன்று வீட்டில் மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று புரிந்தது. தொட்டுப் பார்ப்பதற்கு அந்தத் தொழிற்சாலையில் வேறு விரலே இல்லையா என்று கேட்டாள்.

"விரல் என்ன பண்ணும்? நேரம்தான் கணக்கு," என்றேன்.

"அப்போ அந்த நேரத்தைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மச்சினனுக்காக ஒரு நிமிடம் குறைத்து எழுதுகிற ஆள் நானில்லை என்று அரை மணி நேரம் பேசினேன். என்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரே கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

புதன்கிழமையும் அதே கதை. முள்ளைச் சரிவைத்தேன், பூசினேன், தொட்டேன். முப்பத்தொன்று. கையெழுத்துப் போட்ட அரை மணி நேரத்தில் மச்சினன் கையுறையைக் கழற்றிவைத்துவிட்டுப் பீப்பாய்ப் பக்கம் போனான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காய்ந்த தகட்டை எடுக்கக் கையை நீட்டியபோது, கடிகார வாரின் பூட்டை எதுவோ வெடுக்கென்று இழுத்தது. தகடுகள் சரியாமல் நிற்பதற்காகப் போன வெள்ளிக்கிழமை மச்சினனே செய்து கொடுத்து, திங்கட்கிழமை நான் மேசையில் வைத்த தாங்கி அது. பழைய ஸ்பீக்கர்களிலிருந்து கழற்றிய காந்தங்களை வரிசையாகப் பதித்திருந்தான். நன்றாக இருக்கிறது என்று நான்தான் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

மூன்று நாளாகக் காந்தத்துக்குப் பக்கத்தில் என் கடிகாரம். நடைக்கூடத்துக்கு ஓடினேன். சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் என் நொடிமுள் ஒரு சுற்றை முடித்து, மேற்கொண்டு ஐந்து நொடி ஓடியிருந்தது. நிமிடத்துக்கு ஐந்து நொடி. எட்டு சதவீதம்.

கடிகாரத்துக்குள் தலைமுடியைவிட மெல்லிய இன்னொரு சுருள் இருக்கிறது. ஒரு சிறு சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, வேகத்தைக் கட்டிக்காப்பது அதுதான். காந்தம் பட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானதுபோல் ஆகிவிடும். கயிற்றைக் குட்டையாக்கினால் ஊஞ்சல் படபடவென்று ஆடுமே, அதே கதைதான். முள்ளைத் திருத்துவது வேறு, வேகத்தைத் திருத்துவது வேறு. முள்ளை எத்தனை முறை சரிவைத்தாலும் அடுத்த நொடியே அது தன் அவசரத்தில் ஓடத் தொடங்கிவிடும். இதை எத்தனை பேருக்கு நான் வாய் வலிக்க விளக்கியிருப்பேன்! முப்பத்தொன்றை எட்டு சதவீதம் குறைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டரையும் சொச்சமும். மூன்று கலவையும் நல்ல கலவை.

மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"மூணு நாளா நேரம் சரின்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்குத் தப்புன்னு சொல்றதும் நீங்கதான். அதுவும் சொந்த மச்சினனுக்காக. நான் எதை நம்பறது?"

மேலிடத்திலிருந்து ஆள் வந்து மறுசோதனை செய்ய மூன்று வாரம் ஆகும் என்றார். அதற்குள் இயந்திரத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இன்றே நடக்க வேண்டுமென்றால் ஒரு வழிதான் இருந்தது. மூன்று முடிவுகளும் என் தவறு என்று எழுதிக் கொடுத்து என் கையெழுத்தை நான் திரும்பப் பெற வேண்டும். அப்போது பக்கத்துக் கூடத்துச் சோதனையாளரம்மா தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அப்படி எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு வருடம் கையெழுத்து உரிமை கிடையாது. ஒன்பது வருடம் காத்திருந்து வாங்கிய உரிமை.

எழுதிக் கொடுத்தேன். பெரிய மனசோடு கொடுத்தேன் என்று சொன்னால் பொய். பல்லைக் கடித்துக்கொண்டு, பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தித்தான் எழுதினேன்.

அந்த அம்மா, ஒவ்வொரு கலவையிலிருந்தும் வழக்கப்படி எடுத்துவைத்திருந்த மாதிரிகளை வாங்கி, மூன்று தகட்டில் பூசினார். கதவைத் திறந்துவைத்து, நடைக்கூடத்தில் ஒருவரை நிறுத்தி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்துக்கு ஒரு முறை குரல் கொடுக்கச் சொன்னார். இப்படி நானும் செய்திருக்கலாம். ஒருவரிடம் உதவி கேட்க வேண்டுமே என்றுதானே கையில் கட்டியிருந்ததை நம்பினேன். முதல் தகடு இருபத்தெட்டரை. மற்ற இரண்டும் இருபத்தொன்பதுக்குள் அடங்கின.

மூன்று மணிக்கு மச்சினன் இயந்திரத்தில் ஏறிவிட்டான். என்னை லேபிள் ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். பசைவாளியோடு நான் உட்கார்ந்திருந்தபோது வந்து எதிரே நின்றான். கோபமா, சிரிப்பா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. காந்தம் எப்படி அந்தச் சுருளை ஒட்டவைக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"மாமா, போதும். சுருளைப் பத்தி அக்காகிட்ட சொல்லுங்க. நேத்துலேருந்து எங்கிட்ட பேசல அவ, நான்தான் பெயின்ட்டைக் கெடுத்துட்டேன்னு."

"உங்கிட்டயுமா?"

"பின்ன?"

நான் ஒட்டியிருந்த டப்பாவை எடுத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இது கோணல் மாமா," என்றான். நகத்தால் லேபிளை உரித்துப் போட்டுவிட்டுத் தன் கலவைக்குப் போனான்.

எனக்கு அது நேராகத்தான் தெரிந்தது. ஆனாலும் இன்னொரு லேபிளை எடுத்துப் பசை தடவினேன்.