பாறை இடுக்குத் தூர்

கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, கரண்டியில் மொண்டு புருஷன் கோவிந்தனின் உதட்டருகே கொண்டுபோனாள் இளவரசி. ஒரு வாய் இறங்கியதும் கையால் தடுத்துவிட்டான். நாக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண்.

"எரியுதா மாமா?"

"நேத்திக்கு இது தேவல."

வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் அனுப்பியிருந்தார்கள். அனுப்பிவிட்டார்கள் என்றால் குணமாகிவிட்டது என்று அவன் நினைத்தான். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

ஏரிக்கரைப் பூங்காவுக்கு அவன் காவலாள். பூங்காவின் பின்சரிவு பூராவும் முள்ளு முள்ளாக உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அதன் அடியில் புல்கூட முளைக்காது. ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷமாக அதை வேரோடு பிடுங்கினான். வெயில் பட்ட மண்ணில் முதல் மழைக்கே நிலப்பனை மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. யாரும் நட்டதில்லை. உள்ளே கிழங்கு காத்துக்கிடந்திருக்கிறது. அன்றைக்கு வேலை முடிந்தும் அங்கேயே குந்தியிருந்தவனை இளவரசிதான் போய் அழைத்து வந்தாள்.

பாறை இடுக்கில் இருந்த தூர்கள் மட்டும் கடப்பாரைக்கு வரவில்லை. வெட்ட வெட்டத் தழைத்தன. மழைக்குள் முடித்துவிடலாமென்று போளூரிலிருந்து களைக்கொல்லி வாங்கி வந்தான். அடிக்கும்போது குழாய் முனை அடைத்துக்கொண்டது. வாயில் வைத்து ஊதினான். துப்பினான், கொப்பளித்தான், மறுபடி அடித்தான். அவ்வளவுதான் நடந்தது.

"உள்ள போனது கொஞ்சம்தான்மா," என்றார் டாக்டர், அவளைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்து. "ஆனா நுரையீரல் கெட்டியாயிட்டே வருது. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. கடைசி வரைக்கும் தெளிவா பேசிட்டிருப்பாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இளவரசி யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவன் பேசினால் பேச்சு அவள் காதில் ஏறவில்லை. நடுவில் வாங்கும் மூச்சுதான் கேட்டது. காலையில் ஒரு பேச்சை முழுசாகப் பேசினான். மத்தியானம் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

பூங்காவைப் பார்க்க வேண்டுமென்றான். அவன் தம்பி அருள்மணி ஆட்டோ பிடித்து வந்து, கைத்தாங்கலாகச் சரிவருகே உட்கார வைத்தான். மேற்கே மழை கறுத்து நின்றது. காற்று இல்லை. பாறை இடுக்கில் மருந்து பட்ட தழை கருகித் தொங்கியது.

"அடுத்த வருசம்... அந்த மேட்டுப் பக்கம்... ஆரம்பிச்சிடலாம்."

"ஆரம்பிச்சிடலாம்," என்றாள்.

அருள்மணி தண்ணீர் பிடிக்கப் போனதும் கோவிந்தன் கேட்டான். "டாக்டரு உன்னாண்ட தனியா... இன்னா சொன்னாரு?"

"காரம் போடாம சோறாக்கச் சொன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். நகம் நீலம் பாரித்த கையை அவள் மடியில் வைத்தான்.

"செரி," என்றான்.

மறுநாள் வெயில் ஏறும் நேரம். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன், குளிருகிறது, ஃபேனை நிறுத்து என்றான். நிறுத்திவிட்டு அவள் திரும்பும்போது மூச்சு நின்றிருந்தது.

"நேத்து பூங்காவுல நல்லாத்தான அண்ணி பேசினு இருந்தாரு," என்று அருள்மணி வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதான்.

அவர்களுடைய சாமைக் கொல்லையின் ஓரத்திலேயே புதைத்தார்கள். அன்று ராத்திரி மழை கொட்டியது.

பால் ஊற்றப் போனபோது பார்த்தாள். நரி பறிக்காமலிருக்க, குழிமேட்டின்மேல் அருள்மணி முள் வெட்டிப் போட்டிருந்தான். அவசரத்தில் கைக்கு அகப்பட்டது உண்ணிச்செடிதான். கொப்புக் கொப்பாகப் பழம் கறுத்துத் தொங்கியது. ஒன்று உதிர்ந்தால் போதும், அங்கேயே வேர் பிடித்துவிடும்.

பால் சொம்பை வைத்துவிட்டுக் குந்தினாள். முள் கீற, பழங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி முந்தானையில் போட்டாள்.

"இன்னா அண்ணி பண்றீங்க? மழ வருது. வூட்டுக்குப் போலாம் வாங்க."

சேற்றில் மிதிபட்டுக் கிடந்ததையும் விரலால் தோண்டி எடுத்தாள். முந்தானையில் ஊதாக் கறை பரவிக்கொண்டிருந்தது.