இடது பக்கப் படி

பெரிய டீச்சர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. அந்தப் பக்கம் வெற்றிடம்.

புதுக் கட்டடத்தின் மூன்றாவது மாடி ஹால், இடது கோடி. போன மாதம் வந்தபோது இந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. கதவைத் திறந்தால் கீழே இறங்குகிற படி இருந்தது. இப்போது தரையிலிருந்து கூரை வரைக்கும் பளபளவென்று ஒரு படம். பச்சைப் புல்வெளியில் பிள்ளைகள் கைகளை விரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கே ஓடுகிறார்கள் என்பது படம் ஒட்டினவனுக்கே வெளிச்சம்.

"எப்படிக்கா இருக்கு?" பின்னால் தம்பியின் குரல். பள்ளிக்கூடத்துக்கு அவன் கரஸ்பாண்டன்ட். பிள்ளைகளுக்குக் கரஸ் சார். அவருக்கு மட்டும் 'டேய்'.

"படி எங்கடா?"

"எந்தப் படி?"

"புரியாத மாதிரி முகத்தை வச்சுக்காத. அது உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே சரியா வராது."

கூட வந்த காண்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். "படி பத்திரமா இருக்கு மேடம். எல்லா மாடியிலயும் ஒத்தைச் செங்கல்ல ஒரு சுவர் வச்சு மறைச்சிருக்கோம், அவ்வளவுதான். கீழே அட்மிஷன் ஆபீஸ் வந்துடுச்சு இல்லையா..."

அந்த ஆபீஸைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேலே ஏறி வந்திருந்தார். கண்ணாடிக் கதவு, தோல் சோபா, ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி. இடது படி இறங்கி வெளியே போகிற வழியில்தான் அந்த மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ரோட்டுல போறவங்க கண்ணுல முதல்ல படறது அந்த ஆபீஸ்தான்க்கா. வலது பக்கம் ராஜபாட்டை மாதிரி ஒரு படி இருக்கு. போதாதா?"

"எவ்வளவு பிள்ளைங்க வரப்போறாங்க இங்க?"

"பழைய கட்டடத்துல இருக்கறது மாதிரி ரெண்டு மடங்கு!" என்று நெஞ்சை நிமிர்த்தினான். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டு மடங்கு பிள்ளைக்குப் பாதிப் படி. நல்லா கணக்குப் படிச்சடா."

"தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துட்டுப் போயாச்சு."

"சுவர் வைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

காண்ட்ராக்டர் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அந்தப் பள்ளிக்கூடம் அவர்கள் வீட்டு முன்னறையில் பிறந்தது. அப்புறம் ஒவ்வோர் அறையாக வீட்டை விழுங்கி, குடும்பத்தை மொட்டை மாடிக்குத் துரத்தியது. ஆரம்பத்தில் மணி வாங்க வக்கில்லை. தண்ணீர் டிரம்மின் அலுமினிய மூடியை, கரும்பலகை துடைக்கிற கட்டையால் பெரிய டீச்சர் தட்டுவார். அதுதான் மணி.

ஒரு நாள் வராந்தாவில் மெயின் போர்டு புகைந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே கதவுக்கு ஓடி, புட்டியில் தக்கை அடைத்த மாதிரி சிக்கிக்கொண்டார்கள். ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தம்பி, அப்போது கல்லூரிப் பையன், எழுந்து ஓடி வந்து பூட்டியிருந்த பின்கதவை ஒரே உதையில் திறந்தான். அன்றைக்கு அவன் மட்டும் தூங்காமல் வெளியே சுற்றப் போயிருந்தால்? பெரிய டீச்சர் அந்தக் கேள்வியைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். இத்தனை வருஷமாக.

மின்சார மணி வந்த பிறகும் மூடி போகவில்லை. அதற்கு ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. மூடிச் சத்தம் கேட்டால் புத்தகத்தைப் போட்டது போட்டபடி எழு. பேசாதே. இடது வரிசை இடது வழி, வலது வரிசை வலது வழி. முன்னால் இருப்பவர் தோளில் கை. அவர் நின்றால் நீயும் நில், தள்ளாதே. எப்போது தட்டுவார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. வலது வழி பி.டி. மாஸ்டருக்கு. இடது கதவு தம்பிக்கு. கார் வந்தது, தங்க ஃபிரேம் கண்ணாடி வந்தது, தொப்பை வந்தது; ஆனால் மூடிச் சத்தம் கேட்டால் அவன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் இடது கதவைத் திறந்து, அது மூடாதபடி முதுகைக் கொடுத்து நிற்பான். ஒரு தடவை பாதி முகம் சவரம் செய்து, பாதி முகம் நுரையோடு நின்றிருக்கிறான். பிள்ளைகள் சிரிக்கவில்லை. பேசக் கூடாதே!

அந்தத் தம்பிதான் இந்தச் சுவரை வைத்திருக்கிறான்.

"உடை" என்றார் பெரிய டீச்சர்.

"நாளை மறுநாள் திறப்பு விழா. திங்கட்கிழமை கிளாஸ். விளையாடறியா?"

"அப்போ என் பிள்ளைங்க இதுல ஏற மாட்டாங்க."

"உன் பிள்ளைங்களா?" அவன் குரல் தடித்தது. "அக்கா, ஸ்கூல் என் பேர்ல இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

அவனே கொஞ்சம் இறங்கி வந்தான். "உனக்கு டைரக்டர் ரூம் போட்டிருக்கேன். ஏசி. நீ ஓடியாடினது போதும், சும்மா உட்காரு. மத்ததைப் புது பிரின்சிபால் பார்த்துப்பார்."

தம்பிக்குப் பின்னால் நின்றிருந்த புது பிரின்சிபால் ஒரு பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர். வெயிலில்கூடக் கழற்றாத கோட்டு. டீச்சர்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. கோட்டு முன்னால் வந்து புன்னகைத்தார். "டிரில் எல்லாம் இனிமே ஆப்ல வந்துடும் மேடம். எல்லார் போனுக்கும் நோட்டிஃபிகேஷன் போகும்."

"நெருப்புக்கும் போகுமா சார்? கொஞ்சம் பொறுத்து வான்னு?"

கோட்டு புன்னகையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"இதோ பாருக்கா," தம்பி விரலை நீட்டினான். "விழாவுல இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, அன்னைக்கோட சரி. நீ வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

பெரிய டீச்சர் படத்தில் ஓடுகிற பிள்ளைகளை ஒரு முறை பார்த்தார்.

"பேச மாட்டேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன், போதுமா?"

தம்பி நிம்மதியாக மூச்சு விட்டான். விட்டிருக்கக் கூடாது. அக்கா அவ்வளவு சுலபத்தில் எதையாவது விட்டுக்கொடுத்ததாக அவர்கள் குடும்ப வரலாற்றிலேயே கிடையாது.

விழா நாள். மூன்றாவது மாடி ஹாலில் புது பெயின்ட் வாசனை. பழைய பள்ளியிலிருந்து வரவேற்புப் பாட்டுப் பாட வந்த பிள்ளைகள் முன்னால், இடதும் வலதுமாக. பின்னால் பெற்றோர்கள், கைக்குழந்தைகள். மேடையில் மைக் பிடித்துத் தம்பி. ஓரத்து நாற்காலியில் மடியில் ஒரு துணிப்பையுடன் பெரிய டீச்சர்.

"பையை நான் வச்சுக்கட்டுமா மேடம்?" என்றார் கோட்டு.

"வேண்டாம் சார். உங்களுக்குத் தாங்காது."

பாட்டு முடிந்தது. ரிப்பன் வெட்டியாயிற்று. தம்பிக்குப் பேச்சு நன்றாக வரும். கைதட்டல் வருகிற இடங்களில் நிறுத்தி, தண்ணீர் குடித்துப் பேசினான். "ஸ்மார்ட் கிளாஸ் எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. ஆனா எங்களுக்கு எல்லாத்துக்கும் மேல உங்க குழந்தைங்களோட பாதுகாப்பு..."

டங்! டங்! டங்! டங்!

அலுமினிய மூடி. அதே பழைய, நசுங்கிய மூடி.

பிள்ளைகள் எழுந்தார்கள். பாட்டுத் தாள்கள் நாற்காலியிலேயே கிடந்தன. ஒரு சத்தம் இல்லை. தோளில் கை. பி.டி. மாஸ்டர் வலது படிக்குப் பாய்ந்தார். வலது வரிசை ஒழுகுகிற தண்ணீர் மாதிரி அவரைத் தாண்டி இறங்கியது. இடது வரிசை இடது பக்கம் திரும்பியது.

தம்பி?

பேச்சு பாதியிலேயே அறுந்தது. கை மைக்கை விட்டது. கால்கள் அவனைக் கேட்கவில்லை. மேடையிலிருந்து குதித்தான், தொப்பையும் தங்க ஃபிரேமுமாக இடது கோடிக்கு ஓடினான், சுழன்று திரும்பி முதுகைக் கொடுத்தான்.

முதுகு சுவரில் மோதியது.

கைகளை விரித்தபடி அப்படியே நின்றான். பின்னால் படத்தில் ஓடுகிற பிள்ளைகளில் அவனும் ஒருத்தன் போல இருந்தான். எதிரே இடது வரிசை வந்து நின்றது. முன்னால் இருப்பவர் நின்றால் நீயும் நில். நின்றார்கள். தோளில் கை, வாயில் பூட்டு, கண்கள் எல்லாம் அவன் மேல்.

வரிசையின் தலைப்பில் நின்றவள் முன்பல் இல்லாத சின்னப் பெண். எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"கரஸ் சார், கதவைத் திறங்க."

அவன் திறக்கவில்லை. எதைத் திறப்பான்?

கீழே மைதானத்திலிருந்து பி.டி. மாஸ்டரின் வெண்கலக் குரல் ஜன்னல் வழியாக ஏறி வந்தது. "வலது வரிசை இறங்கியாச்சு! இடது வரிசை என்னாச்சு? இடது வரிசை எங்க?"

பெற்றோர் பக்கம் நாற்காலிகள் கிறீச்சிட்டன. இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா எழுந்து வந்தார். "இங்க கதவு எங்க இருக்கு?"

கோட்டு மைக்கைப் பிடித்தார். "பயப்படாதீங்க, இது ஒரு சின்ன டெமோ..."

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார் அந்த அம்மா. பெரிய டீச்சரிடம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க."

பெரிய டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். அதே விரலைத் தம்பி பக்கம் நீட்டினார்.

"படி இருக்கு" என்றான் தம்பி. குரல் அவனுடையது மாதிரி இல்லை. "பின்னாடி இருக்கு."

"பின்னாடின்னா?"

"சுவருக்குப் பின்னாடி."

"படி சுவருக்குப் பின்னாடி. எங்க பிள்ளைங்க சுவருக்கு முன்னாடி. அப்படித்தானே?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள்.

பெரிய டீச்சர் எழுந்து, சின்னப் பெண்ணின் தோளைத் தொட்டுத் திருப்பினார். இடது வரிசை மெல்ல வலது படியில் இறங்கிப் போயிற்று. கடைசிப் பிள்ளையின் தலை மறைகிற வரை பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வந்து சுவருக்கு எதிரே போட்டு, மடியில் மூடியுடன் உட்கார்ந்தார்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். "மானத்தை வாங்கிட்ட. பேச மாட்டேன்னு சொன்னியே!"

"பேசினேனா?"

"இன்னையோட உன்னை..."

"எடுத்துடு. பதவியை எடுத்துடு. ஏசி ரூமை நீயே வச்சுக்கோ. மூடி என்னோடது. உள்ளே விடலைன்னா கேட்டுக்கு வெளியே நின்னு தட்டுவேன். நான் தட்டற ஒவ்வொரு தடவையும் நீ ஓடி வந்து இந்தச் சுவர்ல முதுகை முட்டிக்கப் போற. உன்னால வராம இருக்க முடியாதுடா. அன்னைக்கு அந்தக் கதவை உதைச்சவன் நீ."

"அது அந்தக் காலம்."

"புகைக்குக் காலம் தெரியாது. சுவர் இறங்கற வரைக்கும் நானும் இறங்க மாட்டேன்."

சிலர் கிளம்பிப் போனார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த அம்மா போகவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு அப்பா. அப்புறம் அந்த இடத்தில் நாற்காலி போதவில்லை.

காண்ட்ராக்டர் கரஸ் சாரின் காதருகே வந்தார். "ஒத்தைச் செங்கல்தான் சார். ஆட்கள் கீழேதான் இருக்காங்க. சொன்னா எல்லா மாடியையும் நாளைக்குள்ள..."

"கீழே ஆபீஸ் இருக்கேய்யா! சோபா இருக்கு! மீன் தொட்டி இருக்கு!"

"மீனை நான் பார்த்துக்கறேன்" என்றார் பெரிய டீச்சர்.

தம்பி அவரைப் பார்த்தான். எரித்துவிடுகிற பார்வை. பெற்றோர்களைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மேலே வந்த கூலியாளின் கையிலிருந்த சம்மட்டியை வெடுக்கென்று பிடுங்கினான்.

முதல் அடி புல்வெளிக்கு நடுவில் விழுந்தது. இரண்டாவது அடியில் செங்கல் பிளந்தது. யாரை நினைத்துக்கொண்டு அடித்தான் என்று கேட்காதீர்கள். பெரிய டீச்சருக்குத் தெரியும். நாற்காலியை இம்மியும் நகர்த்தாமல், தலையில் புழுதி படிய உட்கார்ந்திருந்தார். பொத்தல் வழியாகப் படியின் கைப்பிடி தெரிந்தபோதுதான் எழுந்தார்.

தம்பி சொன்ன சொல்லில் பாதியைக் காப்பாற்றினான்; பதவியை எடுத்தான், வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை. பிரின்சிபால் நாற்காலியில் கோட்டு உட்கார்ந்தார். டைரக்டர் அறை ஸ்டோர் ரூம் ஆனது. பெரிய டீச்சருக்கு ஒன்றாம் வகுப்பு, தரைத்தளம், மூலை அறை. மீன் தொட்டியும் அங்கேதான். அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சாப்பாட்டு மேஜையில் உப்புக்குக்கூட அவன் மனைவி தூது போக வேண்டியிருந்தது.

மழை தூறிய ஒரு காலையில், எந்த விசேஷமும் இல்லாத நாளில், மூடி ஒலித்தது.

மூன்றாவது மாடியில் இடது கதவு படாரென்று திறந்தது. அதில் முதுகைக் கொடுத்துத் தம்பி நின்றான், கையில் பாதி குடித்த டீயோடு. பிள்ளைகள் அவனைத் தாண்டி இறங்கினார்கள், தோளில் கை வைத்து, சத்தமில்லாமல். எல்லோருக்கும் கடைசியில், ஒரு மாடி பாக்கியில்லாமல் பார்த்துவிட்டுப் பெரிய டீச்சர் வந்தார். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். முதுகை மட்டும் கதவிலிருந்து எடுக்கவில்லை.

அவர் இரண்டு படி இறங்கியதும் வாயைத் திறந்தான்.

"நாளைக்கும் தட்டுவியா?"

பெரிய டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இடது பக்கப் படியில் இறங்கினார்.