எருது முகமூடி வரும் தெரு

நான் பிறந்த ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கிவரலாம் என்று நான் சொன்னதும், என் வீட்டுக்காரர் ஜெர்சன் சாப்பாட்டுத் திட்டத்தில் இறங்கிவிட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் பெக்கிப் பழம் போட்ட கோழிச் சோறு. சாயங்காலம் சீஸ் பன்னும் காப்பியும். ஞாயித்துக்கிழமை குதிரை விழா பாத்துட்டு, கொய்யா அல்வா வாங்கிட்டுக் கிளம்பிடலாம்."

"வயித்துக்குத்தான் திட்டம் போடுறீங்க."

"நீ யாருக்காகப் போடுறேன்னு எனக்குத் தெரியாதாக்கும்!"

அவருக்குத் தெரியும். என் தம்பி அனீசியோவுக்காகத்தான். அம்மா இறந்தபோது, நாங்கள் குடியிருக்கும் கோயானியாவிலிருந்து போன பஸ் மழையில் ஊர்ந்தது. எங்கள் பக்கம் மறுநாளே அடக்கம் செய்துவிடுவோம். நான் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருக்க அந்தப் பாவிக்கு மனம் வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

விழாவில் அவன் வருஷா வருஷம் எருதுத் தலை முகமூடி போட்டுக் குதிரையில் வருவான். முகமூடிக்காரன் கீச்சுக் குரலில்தான் பேசுவான். யாரென்று தெரிந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எனக்கு அதுதான் வசதி. இந்த வருஷம் என்னைப் பார்த்தால் அவன் குதிரையை நிறுத்திக் குடிக்க ஏதாவது கேட்பான். கொடுப்பேன், இரண்டு வார்த்தை திட்டுவேன். முகத்தைப் பார்த்து மன்னிப்பு அது இது என்று பேச எங்கள் இருவருக்குமே வராது.

"உன் தம்பி பெக்கி மாதிரி" என்றார் ஜெர்சன். "மேலோட்டமாச் சுரண்டித்தான் தின்னணும். பல்லு ஆழமாப் பதிஞ்சா வாயெல்லாம் முள்ளு."

"நானும் அப்படித்தான்."

"அத நான் சொன்னா எனக்குச் சோறு கிடைக்காது."

அந்த ஊர் விடுதிக்காரி சுல்மீராவிடம் சொன்னால் ஊருக்கே தமுக்கு அடித்த மாதிரி. அதற்காகவே அவளைக் கூப்பிட்டு, தெருவைப் பார்த்த அறையாகக் கேட்டேன். மறுநாளே போன் வந்தது.

"இராசி அக்கா, உங்களுக்கு எந்த ஜன்னல்னு அனீசியோ கேட்டுட்டுப் போனான். புதுசா எருதுத் தலை செய்யறான். கொம்பு நிறையச் சிவப்புக் காகிதப் பூ."

சிவப்பு அம்மாவுக்குப் பிடித்த நிறம். சமையலறைக்குள் போய் அழுதேன்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கொண்டுபோகும் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடியும் சுல்மீராதான். வழக்கமான வம்பு எதுவும் இல்லை.

"அக்கா, அனீசியோ போயிட்டான். நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரில சேத்திருந்தாங்க. விழாவுக்குள்ள எந்திரிச்சிருவேன், அக்காகிட்ட சொல்லாதீங்கன்னுட்டான்."

"அடக்கம் எப்போ?" என்றேன்.

"நாளைக்குக் காலைல. ஆனா நீங்க வராம அவன் பசங்க பெட்டிய மூட மாட்டாங்க. அக்கா வர்ற வரைக்கும் என்னை மண்ணுல வைக்காதீங்கன்னு அவங்க கையப் பிடிச்சுச் சொல்லியிருக்கான். நீங்க பதறாம, மெதுவா வாங்க அக்கா."

ஜெர்சன் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கறுப்புச் சட்டையை எடுத்து வைத்தார்.

இந்த முறை மழை இல்லை. பஸ் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.