வலது காலில் கறுப்பு

வீடு வீடாகப் போய் அடுத்தவர் கை காலுக்குப் பயிற்சி கொடுப்பவளுக்கே முதுகு போய்விட்டால் யாரிடம் போய் முறையிடுவது? நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உட்கார வைத்ததில் இடுப்பில் பிடித்த வலி, சாதாரண சைக்கிளில் ஏறினாலே இடது கால் கட்டைவிரல் வரைக்கும் சுரீரென்று இறங்கியது. இரும்புப் பட்டறை வைத்திருந்த கொழுந்தன்தான் யோசித்து யோசித்து, இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து ஒட்டி, சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டியொன்றைச் செய்து கொடுத்தான். கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் முளைச்ச மாதிரி இருக்கு" என்றார். தெருவில் அதற்குப் படுக்கை சைக்கிள் என்று பெயர் விழுந்தது.

முதுகு பிழைத்தது. கால்தான் மாட்டிக்கொண்டது. முன்னால் இருக்கும் பெடலிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடுகிற நீளமான செயின் அது. அதன் கிரீஸ் தினமும் எப்படியாவது வலது காலில் ஏறிவிடும். பேன்ட்டைச் சுருட்டிவிட்டால் தோலில் கறுப்பு. இறக்கிவிட்டால் துணியில் கறுப்பு. பழைய சாக்ஸின் நுனியை வெட்டி முழங்கால் வரை மாட்டிப் பார்த்தாள். செய்தித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் கிழிந்து தொங்கியது. பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு போன அன்று, வழியில் ஒருவர் வண்டியை நிறுத்தி, "கால்ல புண்ணாம்மா?" என்று துக்கம் விசாரித்தார். மாலையில் வந்து பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கெண்டைக்கால் தோல் வறண்டு எரிந்தது.

கொழுந்தனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் ரோஷக்காரன். அவன் செய்த ஏணி லேசாக ஆடுகிறது என்று மாமியார் சொன்னதற்கு, அந்த ஏணியையே துண்டு துண்டாக அறுத்துப் போட்டவன். அவனைச் சமாதானப்படுத்துவதற்குத் தனியாகத் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

அன்றைய கடைசி வீடு பஸ் டிரைவருடையது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்ட மனிதர். கட்டிலில் தன் வலது முழங்காலை ஊன்றி, அவர் காலைத் தன் தோளில் சாய்த்து மெல்ல மடக்கி நீட்டினாள். முடித்து இறங்கும்போதுதான் பார்த்தாள். வெள்ளை விரிப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு இழுபட்டிருந்தது.

கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்த டிரைவரின் மனைவியும் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கிண்ணத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பத்தான் மாத்துனேன். காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ. இதையும் நான்தான் துவைக்கணுமா?"

"அக்கா, என்னோட கால்லேர்ந்துதான் பட்டுடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"யார் கால்னா என்ன? துவைக்கிற கை என்னுதுதானே."

கட்டிலிலிருந்து டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பயிற்சி கொடுக்க வந்தவள் டிரைவரைப் பக்கவாட்டில் புரட்டி விரிப்பை உருவினாள். வேறு விரிப்பு போட்டாள். குளியலறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து கறையில் சோப்பைக் குழைத்தாள். சற்றுக் கழித்து அந்த அம்மாளும் வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகக் கசக்கினார்கள். கறுப்பு வெளுத்துச் சாம்பலானதே தவிர, போகவில்லை. பிழிந்தபோது முதுகு விண்ணென்று தெறித்தது.

நேராகப் பட்டறைக்குப் போனாள். சமாதானப் பேச்செல்லாம் யோசிக்கவில்லை. பேன்ட்டைத் தூக்கிக் காலைக் காட்டினாள்.

"தம்பி, தினமும் இதான் கதி. என்னால இனிமே முடியலப்பா."

கொழுந்தன் முகம் சுருங்கியது. "இத்தன நாள் ஏன் அண்ணி சொல்லல?"

"நீ வண்டிய அறுத்துப் போட்டுட்டா நான் எதுல போறது?"

பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஆள் முகமூடிக்குள்ளேயே சிரித்தான். கொழுந்தன் சிரிக்கவில்லை. "ஓட்டுங்க, பாக்குறேன்" என்றான். பட்டறை வாசலில் போய்த் திரும்பி வந்தாள். இன்னொரு முறை ஓட்டச் சொல்லி, தரையில் குந்தியபடி அவள் காலையே பார்த்தான்.

"ஓட்டுறப்ப படல அண்ணி. நிறுத்துறப்பதான் படுது. நீங்க எப்பவும் வலது காலத்தான் ஊனுறீங்க. இறக்குறப்போ பல்சக்கரத்துல ஒரசுது."

இடது காலை ஊன்றினால் வலிக்கும். அது அவனுக்கும் தெரிந்ததுதான். அவன் பெயின்ட் வாளி மூடி ஒன்றை வட்டமாக வெட்டி, பற்களை மறைக்கும்படி வெளிப்பக்கத்தில் திருகினான். தொடையை ஒட்டி ஓடும் இடத்தில் செயினை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்தான். பழைய கிரீஸையெல்லாம் துடைத்தெடுத்து, மெழுகை உருக்கி ஊற்றினான். "மெழுகு காஞ்சா கையில ஒட்டாது. ஆனா மழை பெஞ்சா மறுபடி போடணும். குழாய் கொஞ்சம் கடகடன்னு கத்தும், பொறுத்துக்குங்க" என்றான். குரலில் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. போகும்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

வண்டி கத்தத்தான் செய்தது. நாய்கள் துரத்தின. ஆனால் அடுத்த முறை டிரைவர் வீட்டில் செருப்பைக் கழற்றியபோது கால் சுத்தமாக இருந்தது. டிரைவரின் மனைவி அதைக் கவனிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, கட்டில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், டிரைவரின் முழங்கை நான்கு தடவை மடங்கி நிமிர்வதற்குள் தலை சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

பயிற்சி முடிந்தது. எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று திரும்பினாள். டிரைவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தூங்... கட்டும்."

அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் முழு வார்த்தை அது. தலையாட்டினாள். இனிப் போக வேண்டிய வீடு எதுவும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.