நுஸ்லாவின் துருக்கிப் பாட்டு

நுஸ்லா விடியலில் சுபஹு தொழுது, அப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றுமுன் கைபேசியில் ஒரு துருக்கிப் பாட்டைக் கேட்பாள். கணவன் றுஸ்தி தலாக் சொல்ல, மாத்தளையிலுள்ள தாய்வீட்டுக்குத் திரும்பிய நாள்முதல் அதுவே வழக்கம். மொழி விளங்காது. காணொளியின் அடியில் யாரோ எழுதியிருந்த தமிழ் விளங்கியது: உடைந்த உள்ளம் தானே ஆறும், உடைத்தவனை வைத்தியனாக அழைக்காதே. அழைப்பொலியும் அதுவே. சீகிரியாவிலிருந்து றுஸ்தி அழைத்தபோதெல்லாம் பாட்டை ஓயும்வரை ஒலிக்கவிட்டாளேயன்றி, எடுக்கவில்லை.

அன்று காலையும் அவனுடைய இலக்கமே ஒலித்தது. பாட்டு ஓய்ந்து மறுபடி தொடங்கவே, அவளுடைய நானா, மூத்தவன் இப்ஹாம், எடுத்தான். பேசியவர் றுஸ்தியின் தாயார். இரவு நெஞ்சுவலியென்று படுத்தவன் எழும்பவில்லை.

"ஒன்னத் திரும்ப எடுக்கத்தான் மகள் அவன் கோல் எடுத்துக்கிட்டிருந்தான்," என்று மாமி நுஸ்லாவிடம் அழுதார்.

இருக்கலாம். அவளிடமே தங்கிவிட்ட அல்மாரிச் சாவியைக் கேட்பதற்காகவும் இருக்கலாம்.

சற்று நேரத்தில் மௌலவி யாகூப் வந்து முன்னறையில் அமர்ந்தார். நுஸ்லா திரைக்குப் பின்னால் உம்மாவோடு நின்றாள்.

"மகள், தலாக்குக்குப் பொறகு மூணு மாசக் குளிப்பு வரைக்கும் காத்திருக்கிற இத்தா முடியுமுன்ன புருசன் மௌத்தானா, நீங்க அவர்ட பொஞ்சாதிதான். இனி நாலு மாசம் பத்து நாள் வீட்டுல இருக்கணும். முடிஞ்சிருந்தா அவர் அன்னியர், ஒரு கடமையும் இல்ல. மூணாவது மாசக் குளிப்பு முடிஞ்சிட்டா? இதுல ஒங்கட சொல்லுதான். சாட்சி கேக்க மாட்டோம்."

இப்ஹாம் திரையருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "முடிஞ்சிட்டுன்னு சொல்லு. திங்கக்கிழம தையல் கடையில வேலைக்கு வாறேன்னு சொல்லி இருக்கியே. வேணாம்னு விட்டவனுக்காக உள்ளுக்க குந்தப் போறியா? ராணி மாதிரி சோத்துப் பீங்கான் கைக்கு வரும், அவ்வளவுதான்."

"சும்மா இரு மகன்," என்றார் உம்மா கைறுன்னிஸா. பிறகு மகளைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. தெரிஞ்சவ நீதான்," என்றார்.

மூன்றாவது இன்னும் வரவில்லை. அதை அவள் ஒருத்தியே அறிவாள். வெளியே முச்சக்கரவண்டி ஒன்று திரும்பமுடியாமல் உறுமியது. மௌலவி அவசரப்படுத்தவில்லை.

நுஸ்லா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"முடியல்ல மௌலவி," என்றாள். "நானா, வண்டி பேசுங்க. அவர்ட மொகத்தப் பார்த்துட்டு வந்து இங்கயே இருக்கேன்."