பத்துப் பேருக்குக் குறையாமல்

அலுவலகத்தில் அவரைத் திட்டக்காரர் என்றுதான் சொல்வார்கள். படிப்பை விட்ட பெரியவர்களுக்கு நகரத்தில் எங்கே மாலை வகுப்பு வைப்பது, எதை மூடுவது என்று திட்டம் போடுவது அவர் வேலை. அவருக்காவது வேலைக்கேற்ற பெயர் அமைந்தது. அவருடைய மேலதிகாரிக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு திட்டக்காரர் ஒரு விதி எழுதினார். ஒரு வகுப்பில் பத்துப் பேருக்குக் குறைந்தால் அதை மூடிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை அடுத்த பகுதி வகுப்பில் சேர்த்துவிட வேண்டியது. பாஸானவர் அந்தப் பத்தின் கணக்கில் வரமாட்டார். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த பகுதிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும் என்பது காகிதத்தில் தெரியவில்லை.

ரயில்பாதைக்குப் பின்னால் இருக்கிற ஆரம்பப் பள்ளியில், குழந்தைகள் பெஞ்சில் முட்டியை மடக்கிக்கொண்டு பெரியவர்கள் பத்தாவது படித்தார்கள். அந்த வகுப்புதான் திட்டக்காரரின் செல்லப்பிள்ளை. மற்ற வகுப்புகள் இன்றைக்கு முப்பது, நாளைக்கு மூன்று என்று உயிரை வாங்கும்போது, அங்கே மட்டும் எப்போது பார்த்தாலும் பத்துப் பேர். அதை ஒரு கோடாக வரைந்து கூட்டத்தில் காட்டினார். மேலதிகாரி அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிலைத்தன்மை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி அவருடைய அக்கா. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. பத்தாவது பாஸானால் மருந்துக் கிடங்கில் உதவியாளராகலாம். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது. அப்பா இறந்தபோது அக்கா எட்டாவதோடு நின்றாள், தம்பி நிற்கவில்லை. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அக்காவுக்குக் கணக்கு வராது என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாவது படிக்கும் மகள் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திட்டக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உதவப் போனார். அவர் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அக்கா எட்டிப் பார்த்து, நாலு வரியில் போட்டுக் கொடுத்துவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

"இது தெரிஞ்சுமா பெயிலான?"

"தெரியாம பெயிலாகிறது சுலபம்டா. தெரிஞ்சு பெயிலாகத்தான் மார்க்கை எண்ணி எண்ணி விடணும்."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். யாராவது பாஸானால் ஒன்பதாகிவிடும், வகுப்பை மூடிவிடுவார்கள். அதனால் வரிசை போட்டிருந்தார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் வரிசையில் முதல் ஆள் பாஸாகலாம். மற்றவர்கள் கணக்கில் பெயிலாக வேண்டும், மற்ற பாடங்கள் அவரவர் விருப்பம். இப்போது முதல் ஆள் வாட்ச்மேன். அடுத்தது அக்கா. இந்த வருடம் இதுவரை புதிதாக யாரும் வரவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீ போட்ட விதி, உன்னை எதற்குச் சங்கடப்படுத்துவது என்றாள். அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் போய், விதியை மாற்றலாமா என்றார். காரணம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திட்டம் முடியும்போது பார்க்கலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டு, அந்தக் கோட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். திட்டக்காரர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். தான் வைத்த சூனியத்தை எடுக்க ஆள் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாட்ச்மேனுக்கு ஒருவர், அக்காவுக்கு ஒருவர் என்று புதிதாக இரண்டு பேர் வேண்டும். வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த தெருக்களில் முதல்முறையாக நடந்தார். ஒரு வீட்டில் வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். இனிமேல் படித்து ஜட்ஜாகவா ஆகப் போகிறேன் என்று ஒரு தையல்காரர் கேட்டார். அயர்ன் வண்டிக்காரர் மட்டும் உடனே சரி என்றார். சாயங்காலம் வீட்டில் சீரியல் ஓடுகிறது, எங்கேயாவது போக வேண்டியிருக்கிறது என்றார்.

இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. சேர்வதற்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "விடுடா, வாட்ச்மேன் பாஸாகட்டும். அவர் முறைதானே" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எதிரே மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் பேரைச் சேத்துக்குங்க."

அவர் பொறுமையாக விளக்கினார். பத்தாவது பாஸாகாதவர்களைத்தான் சேர்க்க முடியும்.

"பாஸாகலை," என்றாள். கத்தி நிற்கவில்லை.

கணக்கிலும் அறிவியலிலும் போயிருந்தது. பெண் பார்க்க வந்தபோது அவள் அப்பா பாஸ் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நகரத்தில் எந்தத் தெருவில் எத்தனை பேர் பள்ளியை விட்டவர்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதருக்குத் தன் வீட்டில் ஒருத்தி இருப்பது தெரிந்திருக்கவில்லை. அவமானமாக இருந்தது. யாருக்காக என்றுதான் புரியவில்லை.

"பதினேழு வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரு பாதியில படிப்பை விட்டதுன்னு வீடு வீடா கேக்க ஆள் அனுப்பினீங்களே. நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணை வாசல்லயே நிறுத்தி, இங்க அப்படி யாரும் இல்லம்மான்னு நீங்கதான் அனுப்பி வெச்சீங்க. நான் கையைத் துடைச்சுக்கிட்டு வந்துட்டுதான் இருந்தேன்."

அவர் பீன்ஸில் நார் எடுக்க ஆரம்பித்தார். அவள் அதையும் வாங்கி, சரியாக எடுத்துவிட்டு நறுக்கினாள்.

"உங்க அக்காவை இந்தத் தடவை எல்லாக் கணக்கையும் போட்டுட்டு வரச் சொல்லுங்க," என்றாள். "நான் வரிசையில கடைசியா நிக்கிறேன். ஆனா என் முறை வர்றதுக்குள்ள அந்த விதியை மாத்திடுங்க. எனக்கு வேணும்னு பெயிலாகத் தெரியாது."