வீரமுத்து வீட்டு ஒப்பாரி

அன்று காலை அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் வீரமுத்து, அவர் மனைவி முத்தாயி, மகள் அனுசியா, அனுசியாவின் மாணவிகள் வாசுகி, கனகா. ஐந்தே பேர். பின்னால் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள் எதிர்வீட்டுப் பெரியநாயகி, முத்தாயியின் தம்பி கொளஞ்சி, சம்பந்தியாகப் போகிற பழமலை, அவர் மகன் இளவழகன். தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிற மற்றவர்கள் தெருவில் நின்றவர்கள். அவர்கள் பார்த்தது இவர்களுடைய முதுகை மட்டும்தான்.

2007, தை மாதத்துச் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு அனுசியாவுக்கு நிச்சயதார்த்தம்.

வீரமுத்து விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை மேஸ்திரி. அவர் நிற்கிற சூளையில் கரி பிடித்த சரக்கு வெளியே வந்ததில்லை. குடும்பத்தைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு வெளியே போகக்கூடாது என்பதில் உறுதியானவர். மகள் புதுச்சேரியில் நாடகத்துறையில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் என்ன பாடம் நடத்துகிறாள் என்று யாராவது கேட்டால், "தமிழு" என்றுதான் சொல்வார். நாடகம் என்றால் கேட்கிறவன் கூத்து என்பான். கூத்து என்றால் அடுத்து என்ன கேட்பான் என்று அவருக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த பழமலையிடமும் தமிழ் என்றே சொல்லியிருந்தார். அனுசியா அப்போது அப்பாவை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

நிச்சயத்துக்கு முதல்நாளே வந்துவிட்ட மாணவிகளுக்கு அடுத்த வாரம் மேடை. ஒப்பாரிக் காட்சி இன்னும் படியவில்லை.

"ஒரு மணி நேரம் ஒத்திகை பாத்துக்கிறோம்பா" என்றாள் அனுசியா. "தோட்டத்துல வச்சிக்கிறோம்."

"தோட்டத்துலயா? நாளைக்குப் பரிசம் போட வராங்க, இன்னிக்கி நீ தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு ஊரு பாக்க அழுவப் போறியா? கூடத்துல வச்சிக்க."

அவரே எழுந்து தெருக்கதவைத் தாழிட்டார். ஜன்னல்களையும் சாத்தினார். யார் வந்து தட்டினாலும் திறக்கக்கூடாது என்று முத்தாயிக்கு உத்தரவு போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் லீவு போட்டே அந்தத் தெரு பார்த்ததில்லை. அன்று போட்டிருந்தார்.

வாசுகி அழுதாள். கனகா அழுதாள். அனுசியா இருவரையும் நிறுத்தினாள்.

"தொண்டையால அழாதீங்கடி. முதல் நாளு கைதட்டு வாங்குவீங்க, ரெண்டாம் நாளு பேச்சே வராது. விலாவ விரிச்சி மூச்ச எடுங்க. மூச்சு வெளிய போவும்போது அழுகை அதும்மேல ஏறிப் போவணும். நீங்க அதத் தள்ளக்கூடாது. இங்க பாருங்க."

அவள் தரையில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டு, மாணவிகளின் தோளைக் கட்டிக்கொண்டு குரலை எடுத்தாள்.

வெந்த மண்ணு ஆறுமுன்னே
வேலைக்குப் போன அப்பா
வெள்ள வேட்டி போத்திக்கிட்டு
வெளிய படுத்ததென்ன...

ஓடு அதிர்ந்தது. சமையலறையில் முத்தாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலைக்குப் போன அப்பா யார் என்று வீரமுத்து கேட்கவில்லை. "இன்னொருவாட்டி சொல்லு, அந்தப் பொண்ணுக்குப் புரியல" என்று மட்டும் சொன்னார்.

இடையில் இரண்டு தடவை கதவு தட்டப்பட்டது. முத்தாயி எழுந்தாள். அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

தட்டியது பெரியநாயகி. வேலைக்குப் போகாத மேஸ்திரி. பட்டப்பகலில் சாத்திய வீடு. உள்ளே மகள் 'அப்பா' என்று அலறுகிறாள். தட்டினால் திறக்க ஆளில்லை. அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அவள் நினைத்ததைத்தான் நினைத்திருப்பார்கள். பூத்துக்கு ஓடி மங்கலம்பேட்டைக் கொளஞ்சிக்குப் போன் போட்டாள். கொளஞ்சி பழமலையின் செல்லுக்குப் போட்டான். பழமலையும் மகனும் நிச்சயச் சேலை எடுக்கத் தங்கள் ஊரிலிருந்து வந்து விருத்தாசலம் கடைத்தெருவில்தான் இருந்தார்கள். சேலைக் கடையிலிருந்து இறங்கி நேரே பூக்கடைக்குப் போனார்கள்.

மூன்றாவது முறை தட்டல் பலமாக விழுந்தது. வீரமுத்து கோபத்தோடு கதவைத் திறந்தார்.

வாசலில் கொளஞ்சி. கையில் ஆளுயர ரோஜா மாலை. கக்கத்தில் புதுச் சேலைப் பொட்டலம். புருஷனைப் பறிகொடுத்த அக்காவுக்குத் தம்பி எடுத்துவரும் கோடி.

"மாமா..." என்றவன் வாய் அப்படியே நின்றது. "நீங்க... நடமாடறீங்களா?"

"ஏன், பறந்து காட்டணுமா? யாருக்குடா மாலை?"

"ஒங்களுக்குத்தான் மாமா."

பின்னால் பழமலை இன்னொரு மாலையோடு நின்றார். இளவழகன் குனிந்துகொண்டான், அவன் தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

"அப்ப உள்ள செத்தது யாருண்ணே?" என்றாள் பெரியநாயகி.

"யாரும் சாவல."

"அழுவ கேட்டுதே சம்பந்தி" என்றார் பழமலை. குரல் கெட்டிப்பட்டிருந்தது. "தெருமுனை வரைக்கும் கேட்டுது. நாளைக்கு நல்ல காரியத்த வச்சிக்கிட்டு எதையாவது மறைக்கிறீங்களா? தீட்டு இருந்தா சொல்லிடுங்க. நிறுத்திக்கலாம்."

வீரமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டார். நாடகம் என்று சொன்னால், தமிழ் என்று சொன்னது பொய்யாகும், சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் தீட்டு வீடு, அப்போதும் போகும்.

கொளஞ்சிக்கு மூளை சட்டென்று வேலை செய்தது. "டிவியா இருக்கும். சீரியலுதான? சத்தமா வச்சிட்டீங்களா மாமா?"

தப்பிக்க வழி திறந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

பெரியநாயகிதான் கெடுத்தாள். "டிவியாவது ஒண்ணாவது! நாப்பது வருசமா எழவு வூட்டுக்குப் போறேன். அடிவயித்தப் பெசையற மாதிரி இப்படி ஒரு அழுவய நான் கேட்டதில்ல. எனக்கு வாசல்லியே மயக்கம் வந்துடுச்சி. அந்தப் பொட்டி அழுவுமா இப்படி?"

வீரமுத்து நிமிர்ந்தார். அந்தப் பெருமையைத் தூக்கி ஒரு டிவிப் பெட்டிக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"பொட்டி அழுவல. அழுதது எம் பொண்ணு" என்றார். "அவ நாடகத்துறைப் பேராசிரியர். எப்படி அழுவறதுன்னு பாடம் நடத்துனா. அதுக்குத்தான் டாக்டர் பட்டம் குடுத்திருக்காங்க. தமிழுன்னு ஒங்ககிட்ட நான்தான் சொன்னேன். அது தப்பு. அவமேல தப்பில்ல."

வாழ்நாளில் அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். சொன்னபோதும் முதுகு வளையவில்லை.

பழமலை மகனைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்பா. மொத நாளே அவங்க சொல்லிட்டாங்க. புதுச்சேரில அவங்க போட்ட நாடகத்த டிக்கெட்டு எடுத்துப் பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாமா தமிழுன்னாரு. அவரு பேச்ச வெட்ட வேணாம்னு இருந்துட்டேன்."

வீரமுத்துவுக்கு மாப்பிள்ளையை அந்த நிமிடம் பிடித்துப்போனது. பழமலை உள்ளே எட்டிப் பார்த்தார். அனுசியா அவிழ்ந்த முடியை அள்ளிச் செருகிக்கொண்டு அப்பாவின் பின்னால் நின்றிருந்தாள்.

"ஏம்மா, நான் ஆட்டோவுல அழுதுக்கிட்டே வந்தேன். அது வீணாப் போச்சா?"

"மன்னிச்சிக்குங்க மாமா."

"அது கெடக்குது. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இப்படி அழுவியா?"

"அதுக்கு இன்னும் நெறைய ஒத்திகை பாக்கணும் மாமா. நீங்க அவசரப்படாதீங்க."

பழமலை சிரித்தார். பிறகுதான் மற்றவர்களுக்கும் சிரிக்கத் தைரியம் வந்தது.

மாலையையும் கோடியையும் நிலைப்படி தாண்டி எடுத்துவரக் கூடாது என்று முத்தாயி குறுக்கே நின்றாள். சாவுக்கு எடுத்ததைத் திருப்பி எடுத்துப்போகவும் கூடாது. கொளஞ்சி விழித்தான். வாசுகி வாங்கி வாசல் வேப்பமரத்துக் கிளையில் மாட்டினாள். நாடகத்தில் செத்துப்போகிறவருக்கு மாலை வாங்கவில்லையாம். புதுச்சேரிக்குப் போகட்டும் என்றாள்.

மறுநாள் நிச்சயத் தாம்பூலம் மாற்றும்போது, பெண் என்ன வேலை என்று பழமலையின் பங்காளி ஒருவர் கேட்டார். வீரமுத்து வாய் திறப்பதற்குள் பழமலையே சொன்னார்: "நாடகப் பேராசிரியர்."

வீரமுத்து செத்துப் பிழைத்தவர் என்று மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் சாகவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மகள் பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.